பூட்டுக்காரர் காருக்குப் பவர் ஸ்டியரிங் வைத்த கதை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் செருப்புக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே, ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள கடை ஒன்று உண்டு. அதுதான் பூட்டுக்காரர் கடை. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கத்தான் செய்கிறது. அது மின்சார பில்லில் பத்திரமாக இருக்கிறது. மாமியார்கூட அக்கம்பக்கத்தில் "எங்க பூட்டுக்கார மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார்.

ஐம்பத்திரண்டு வயது. உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. கைகள் மட்டும் வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்து இவருக்கு மாட்டிவிட்டது போலிருக்கும். துருவேறி இறுகிப்போன தாழ்ப்பாளை இடுக்கி இல்லாமலே கழற்றுவார். "எண்ணெய் விடணுமா?" என்று யாராவது கேட்டால், உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அந்தக் கைகளைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்றால், நிறையவே.

கார் அவரிடம் வந்ததும் அந்தக் கைகளால்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இறந்துபோன ஒரு டாக்டரின் மனைவி வந்து கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையைத் திறக்க வேண்டும். சாவி தொலைந்து பதினோரு வருஷம் ஆகிறது. பூட்டுக்காரர் கொட்டகையைத் திறந்தார். உள்ளே, தூசிப் போர்வைக்கு அடியில், உருண்டை மூக்கும் குண்டு விளக்குகளுமாக ஒரு பச்சைக் கார். அவரைவிட மூன்று வயது மூத்தது. அதன் சாவியும் தொலைந்திருந்தது. கதவுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, பின்பெட்டிக்கு ஒன்று என்று மூன்று நாள் உட்கார்ந்து புதுச் சாவிகளை அரத்தால் ராவி எடுத்தார். மூன்றாம் நாள் அந்த அம்மா சொன்னார்: "எங்க வீட்டுல இதை ஓட்ட ஆளில்லை. திறந்தவரே எடுத்துட்டுப் போங்க." பூட்டுக்காரர் வாயில் வந்த விலையைச் சொன்னார், அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

அழகான வண்டிதான். ஆனால் ஸ்டியரிங் இருக்கிறதே, அது மலை. ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு வட்டம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப ஐந்தேகால் சுற்று. வண்டி ஓடும்போது பரவாயில்லை. நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் தோள்பட்டை கழன்று மடியில் விழும். மற்றவர்களுக்கு. பூட்டுக்காரருக்கு அதுதான் கொண்டாட்டம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமியார் வீட்டில் சாப்பாடு. அது ஒரு முட்டுச்சந்து. திரும்பும்போது வண்டியை அங்கேயே வளைத்தெடுக்க வேண்டும். பூட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவார். எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று ஏழு தடவை. கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் வண்டி சந்தின் வாயைப் பார்த்து நிற்கும்போது மாமியார் வீட்டுக் கேட் அருகே நின்றபடி சொல்வார்: "மாப்பிள்ளை கைக்குத்தான் அது அடங்கும்." அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்கு முன்பே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவள். கார் வந்த புதிதில் ஒருநாள், "நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கறேனே" என்றாள். பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அவளால் வளைக்க முடியவில்லை. வண்டி நேராகக் கால்பந்துக் கோல் கம்பத்தைப் பார்த்துப் போனது. பூட்டுக்காரர் குறுக்கே கையை விட்டுப் பிடித்துத் திருப்பி, விழுந்து விழுந்து சிரித்தார். "உன் கைக்கு இது அடங்காதும்மா, விடு." அந்தக் கதையை அடுத்த ஞாயிறு சாப்பாட்டில் சொன்னார், அதற்கடுத்த ஞாயிறும் சொன்னார். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

மனைவிக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவன் மருந்துக்கடைக்காரன். ஒல்லி உடம்பு, சுத்தமாக நகம் வெட்டிய விரல்கள், எப்போதும் சலவை மடிப்புக் கலையாத சட்டை. சகலைப்பாடிகள் இருவரும் வெளியில் நல்ல ஒட்டுதல்தான். "அண்ணே" என்பான் அவன். "தம்பி" என்பார் இவர். ஆனால் மாமியார் யாருக்கு முதலில் பரிமாறுகிறார் என்பதை இரண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சகலையும் ஒரு பழைய கார் வாங்கினான். அதே காலத்து வண்டி, வெண்ணெய் நிறம். பூட்டுக்காரருக்கு முதலில் திக்கென்றது. ஆனால் முதல் ஞாயிறே மனது குளிர்ந்துவிட்டது. அவன் அந்த முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்ப முடியாமல் திணறினான். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இறங்கு தம்பி, நான் திருப்பித் தரேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்…"

"எனக்கென்னப்பா சிரமம்?"

அந்த ஒரு வருஷம் பூட்டுக்காரர் ஞாயிறுதோறும் இரண்டு கார்களைத் திருப்பினார். அவர் வாழ்க்கையிலேயே இனிப்பான வருஷம் அதுதான்.

அப்புறம் ஒரு ஞாயிறு வந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பூட்டுக்காரர் வழக்கம்போலச் சகலையின் கதவருகே போய் நின்றார். சகலை கண்ணாடியை இறக்கி, "வேணாம் அண்ணே, நானே பார்த்துக்கறேன்" என்றான். ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்தான். சுற்றினான். வண்டி பூனைக்குட்டி மாதிரித் திரும்பிக்கொண்டு நின்றது.

பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"மோட்டார் வெச்சிருக்கு அண்ணே. ஒரு சின்னக் காரோடது. ஸ்டியரிங் தண்டுலயே மாட்டிட்டாங்க. பவர் ஸ்டியரிங்."

கொழுந்தியாள் இறங்கி வந்து கணவனை நகரச் சொன்னாள். தானே உட்கார்ந்து ஒரு தரம் சந்தின் கடைசி வரை போய்த் திரும்பி வந்து, "மாமா, நீங்களும் வெச்சுக்கங்க. எவ்வளவு சுலபமா இருக்கு தெரியுமா?" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மாமியார் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. மறுநாள் அந்த அம்மாவை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வருஷக்கணக்காக அது பூட்டுக்காரர் வேலை.

"நாளைக்கு நீங்க அலைய வேணாம் மாப்பிள்ளை. சின்னவர் வண்டியிலயே போயிடறேன். குலுங்காம திரும்புது பாருங்க."

அன்று அவர் தன் பச்சைக் காரைத் திருப்பியபோது யாரும் நின்று பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. வயிற்றுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனது மாதிரி. வீட்டில், "அதுக்குப் பேரு காரா? விளையாட்டுச் சாமான்" என்றார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, "கை வலிச்சாத்தான் காரா?" என்று கேட்டாள். எழுந்து போனார். கடையில், இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு சாவியை எதிர்ப்பக்கமாக வெட்டிவைத்தார். வந்தவர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து அதை மேஜைமேல் வைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது. அதற்கும் சகலையைத்தான் மனதுக்குள் திட்டினார்.

மருந்துக்கடை அவர் போகும் வழியில் இல்லை. ஆனாலும் அந்த வாரம் மூன்று முறை அந்த வழியாகப் போனார். மூன்றாம் முறை, வெண்ணெய் நிறக் கார் கடைக்கு முன்னால் நின்றது, கண்ணாடி இறங்கியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலையை உள்ளே விட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஒரு சொம்பு அளவுக்கு மோட்டார். அவ்வளவுதான். இந்தச் சொம்புக்கா அத்தனை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன அண்ணே, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

தலையைச் சட்டென்று எடுத்ததில் உச்சியில் நன்றாக இடித்துக்கொண்டார். "கதவுப் பூட்டு சரியா விழுதான்னு பார்த்தேன்" என்றார். சகலை உள்ளே போய் ஒரு களிம்பு எடுத்துவந்து கொடுத்தான். வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையிலேயே பச்சைக் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார். அந்த மெக்கானிக் எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பழைய வண்டிகளில் கை தேர்ந்தவர்.

"பவர் ஸ்டியரிங் வைக்கணும். அந்த மோட்டார் சமாசாரம் வேணாம். ஆயில் பம்ப் வெச்சு, ஒழுங்கா. என் சகலை வண்டியைவிட லேசா இருக்கணும்."

"அது எவ்வளவு லேசு?"

"ஒரு விரலால திருப்பறான்."

"உங்களுக்கு?"

"அரை விரல் போதும்."

நிதானம் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து இரண்டு ஸ்டியரிங் பெட்டிகளைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஸ்டியரிங் தண்டையும் முன் சக்கரங்களையும் இணைப்பவை; இரண்டும் உடைத்த வண்டிகளிலிருந்து எடுத்தவை. "இது அளவா இருக்கும். ரோடு என்ன சொல்லுதுன்னு கைக்குத் தெரியும். அது ரொம்ப லேசு. ஊதினாத் திரும்பும். உங்க கைக்கு இதுதான் சரி. இத்தனை வருஷம் முட்டித் தள்ளிப் பழகின கை."

"அதையே மாட்டுங்க" என்று லேசான பெட்டியைக் காட்டினார் பூட்டுக்காரர்.

வேலை மூன்று வாரம் இழுத்தது. பழைய பெட்டியை இறக்கிச் சாக்கில் சுற்றி மூலையில் போட்டார்கள். புதிய பெட்டி உட்காரச் சட்டத்தில் வேறு துளைகள் போட வேண்டியிருந்தது. பம்பை எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புத் தாங்கி அடித்தார்கள். முதல் தாங்கி ஒரு நூல் விலகியதில் பெல்ட் வீல் வீலென்று கத்தியது. அதைக் கழற்றிப் போட்டு இன்னொன்று அடித்தார்கள். ஆயில் ஊற்றி, முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, உள்ளே அடைபட்ட காற்று போகும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பினார்கள். பூட்டுக்காரர் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். "அவனோடதைவிட லேசா இருக்குமில்ல?" என்று தினமும் ஒருமுறை கேட்பார். நிதானம் தினமும் ஒருமுறை தலையாட்டுவார்.

வண்டி கைக்கு வந்த முதல் ஞாயிறு. மாமியார் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொஞ்சம் தகராறுதான். கை பழைய கணக்கில் அழுத்தும்; வண்டி துள்ளி ஒதுங்கும்; திரும்ப இழுப்பார்; அந்தப் பக்கம் துள்ளும். மனைவி மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டு, "குடிச்சவன் ஓட்டற மாதிரி போகுதுங்க" என்றாள். "புதுசு, பழகிடும்" என்றார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். எப்போது முடியும், எப்போது வாசலுக்குப் போவோம் என்றிருந்தது. கடைசியில் எல்லோரும் வெளியே வந்தார்கள். சகலையின் கார் மதிலோரமாக நின்றது. "அண்ணே, நீங்களும் வெச்சுட்டீங்களாமே!" என்றான் அவன். பூட்டுக்காரர் கதவைத் திறந்தார். சட்டைக் கையை மடிக்காமலே உட்கார்ந்தார். ஒரு விரல் வைத்தார். வளைந்தது. மாமியார் "அட!" என்றார். இன்னும் வேகமாக வளைத்துக் காட்டலாமே என்று தோன்றியது. முழுக் கையும் வந்துவிட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம். ஸ்டியரிங் பம்பரமாகச் சுற்றியது. பச்சைக் காரின் மூக்கு நேராகப் போய் வெண்ணெய் நிறக் காரின் இரண்டு கதவுகளையும் கிழித்துக்கொண்டு நின்றது.

தகரம் கிழியும் சத்தம் சந்தின் கடைசி வரை கேட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. அதைத் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார். ஆனால் சத்தம் கேட்ட அந்த ஒரு கணத்தில், பயத்துக்கும் முன்னால், வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் வந்து போனதே, அதை என்ன செய்வது? நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"பரவாயில்லை அண்ணே, கதவுதானே" என்றான் சகலை. அவன் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மனைவி கதவைத் திறந்தாள். "இறங்குங்க."

"என்ன?"

"இறங்குங்க. நான் எடுக்கறேன்."

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைச் சரி செய்தாள். பின்னால், முன்னால், பின்னால். மூன்றே தடவை. துள்ளல் இல்லை, தடுமாற்றம் இல்லை. முட்டித் தள்ளிப் பழகாத கை. லேசாக இருப்பதை லேசாகவே பிடித்தது. மாமியார் வாயெல்லாம் பல்லாக, "என் பொண்ணு கைக்கு எப்படி அடங்குது பாரேன்!" என்றார். பூட்டுக்காரர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மைதானத்தில் உட்கார்ந்த அந்த ஒரு நாளை விட்டால், பதினெட்டு வருஷத்தில் அந்த சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. கால் வைக்க இடம் குறைவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சகலையின் கதவுகளைத் தன் செலவில் சரி செய்துகொடுத்தார். வர்ணம் சரியாகச் சேரவில்லை. மோரில் வெண்ணெய் மிதப்பது போல ஒரு திட்டுத் தெரியும். சகலை அதை மறுபடி அடிக்கவே இல்லை. யார் வந்தாலும் அதைக் காட்டி, "இது எங்க அண்ணன் கையெழுத்து" என்பான். பூட்டுக்காரர் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அந்தப் பொறாமை அப்போதே பாதி மாறிவிட்டது. போகவில்லை, வீடு மாறிவிட்டது. இப்போது அது சொந்த வீட்டுக்கே குடிவந்திருந்தது. மனைவி நூலகத்துக்குக் காரில் போனாள். தங்கையை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். அம்மாவை முழங்கால் டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். செருப்புக் கடைக்காரர் ஒருநாள், "உங்க வீட்டம்மா நேத்து அந்த லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல எடுத்தாங்க பாருங்க, ஊசியில நூல் கோத்த மாதிரி!" என்றார். அன்று மத்தியானம் முழுக்க அவருக்கு எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் நேராக நிதானத்திடம் போனார்.

"பழைய பெட்டி இருக்கா?"

"சாக்குல இருக்கு. ஏன்?"

"மறுபடி அதையே மாட்டிடலாம். எனக்கு இது ஒத்து வரலை."

நிதானம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இப்ப யாரு ஓட்டறாங்க?"

"அதை ஏன் கேட்கறீங்க? திங்கட்கிழமை கொண்டு வரேன்."

மனைவியிடம், பெல்ட் கத்துகிறது, பட்டறையில் காட்ட வேண்டும் என்றார். அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பட்டறையில் நிதானம் அவளைப் பார்த்ததும், "பழைய பெட்டியைத் துடைச்சு வெச்சுட்டேன்மா. ரெண்டு நாள்ல மாட்டிடலாம்" என்றார்.

"எதுக்குப் பழைய பெட்டி?"

நிதானம் பூட்டுக்காரரைப் பார்த்தார். பூட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நிதானத்துக்கு அப்போது பார்த்து உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது.

"என்னங்க, எதுக்கு?"

அவர் எதையெதையோ சொல்ல வாயெடுத்தார். ஆயில் கசிவு, பழைய வண்டிக்குப் பழைய சாமான்தான் மரியாதை. எதுவும் நாக்கில் நிற்கவில்லை. "எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார். சொன்ன பிறகு, யாரோ சொன்னது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு மேல?"

"உன் மேலதான்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார்; சிரிப்பாள் என்றும் நினைத்தார். அவள் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். "தேதியைப் பாருங்க."

பார்த்தார். போன வருஷம் புதுப்பித்தது.

"இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போய் வரிசையில நின்னு புதுப்பிச்சுட்டு வருவேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது. ஓட்ட வண்டி கிடையாது." அவள் குரல் உயரவில்லை. "பதினெட்டு வருஷம் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து உங்க கையைப் பார்த்துட்டே வந்தேன். அந்த மைதானத்துக் கதையை நீங்க ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எப்படி இருந்திருக்கும்? எனக்கு இல்லாத பொறாமையா? நான் உங்க ஸ்டியரிங்கையா கழட்டினேன்?"

பூட்டுக்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த படத்தில் அவள் கொஞ்சம் மூச்சு வாங்குவது போலிருந்தாள். வேகமாக நடந்து வந்திருப்பாள். பத்தொன்பது வகைப் பூட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பவருக்கு, பக்கத்திலேயே இருந்தவளின் மனது தெரியவில்லை. தன்மேல் ஓர் ஆளுக்குப் பொறாமை இருந்திருக்கிறது என்று கேட்டபோது, உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அவருக்கு முதலில் வந்தது ஒரு சின்னப் பெருமைதான். அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. அது நிறைய வந்தது.

"அந்த மைதானக் கதையை இனிமே சொல்லலை" என்றார்.

"சொல்லுங்க. ஆனா கம்பத்துல இடிக்கலைன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

நிதானம் எட்டிப் பார்த்தார். "அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

மனைவிதான் கேட்டாள், வேறு வழி ஏதும் உண்டா என்று. அவர் அளவான பெட்டியைக் காட்டினார். இரண்டு நாளில் அது வண்டிக்கு ஏறியது. அவளுக்கு அது கொஞ்சம் கனம்; ஆனால் வளைக்க முடிந்தது. அவருக்கு அது ரொம்ப லேசு. ஆனால் வண்டி துள்ளவில்லை. போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று பேசிக்கொண்டார்கள்.

பொறாமை அத்தோடு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அவள் ஒரே தடவையில் வண்டியை இடுக்கில் நுழைத்து நிறுத்தும்போது பூட்டுக்காரர் இன்றைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஆனால் இப்போது அதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். "எரியுதும்மா" என்பார். "எரியட்டும்" என்பாள் அவள்.

யாராவது வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு போன் செய்தால், விடுமுறை நாட்களில் இருவரும் காரில் போகிறார்கள். அவர் கதவடியில் மண்டியிட்டு வேலை பார்ப்பார். அவள் வண்டியிலேயே உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். போன மாதம் ஒரு பெரிய வீட்டில், வாசலில் நின்ற மனிதர் பூட்டுக்காரரைத் தாண்டிக் காரருகே போய்க் குனிந்து, "மேடம், உங்க ஆளு எவ்வளவு நேரத்துல முடிப்பார்?" என்று கேட்டார்.

அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அவர் கைக்கு அஞ்சு நிமிஷம்" என்றாள்.

பூட்டுக்காரர் நான்கு நிமிஷத்தில் திறந்துவிட்டார்.